ஊசியைக் கழுவும் கஷாயம்

ஜூன் 12, சனி

இன்று கீரையைவிடக் கஷாயம்தான் வேகமாகப் போனது. கடற்கரை ஓட்டலில் வேலை செய்யும் பெண்கள் வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தடுப்பூசி போட்டால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். போட்டுக்கொண்ட கையோடு நேரே என் கடைக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்துக் கடை டெல்ரோஸின் மகள் ஷெர்னெட்டும் அதில் ஒருத்தி.

"ஆன்ட்டி, உள்ள போனத வெளிய எடுக்கணும். நல்லா கசப்பா குடுங்க."

செரசி என்கிற காட்டுப் பாகல் கொடியும் நிலாவரை இலையும் போட்டுக் காய்ச்சியது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்போமே, அதேதான். குடலைக் கழுவும். ரத்தத்தில் கலந்த மருந்தையும் கழுவுமா? எனக்கென்ன தெரியும். கேட்டார்கள், கொடுத்தேன்.

"ரெண்டு நாளைக்குக் கக்கூஸ் வாசல்லயே குடித்தனம் பண்ணுங்கடி. ஊசியென்ன, ஊசி போட்ட நர்ஸே வெளிய வந்துருவா!" என்றேன். சந்தையே சிரித்தது. டெல்ரோஸ் வாழைக்காய்த் தாரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 17

நியூ ஜெர்சியிலிருந்து மகள் பேசினாள். அங்கே அவள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். "நான் கண்ணால பாத்தத நீ பாக்கலம்மா. கஷாயக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். போய்ப் போட்டுக்கோ" என்று அழுதாள். எனக்கு ரத்தக்கொதிப்பு வேறு.

ஜூன் 21

காலி பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு கிங்ஸ்டன் போனேன். பாட்டிலும் வாங்கினேன். ஊசியும் போட்டுக்கொண்டேன். தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, கோழி திருடினவள் மாதிரி நின்றேன்.

ஜூன் 22

கையைத் தூக்க முடியவில்லை. மினிபஸ் கதவு இடித்துவிட்டது என்றேன். டெல்ரோஸ் தன் பே ரம் தைலத்தை எடுத்து வந்து, "எந்தப் படுபாவி டிரைவர்டி அவன்? பேரைச் சொல்லு, அவங்க அம்மாவையே எனக்குத் தெரியும்" என்று திட்டித் திட்டித் தேய்த்துவிட்டாள். சரியாக ஊசி குத்திய இடத்தில். அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 3

எனக்கே நான் மறைப்பானேன்? ஊசிக்குப் பிறகு என் கஷாயத்தில் ஒரு மடக்குக்கூட நான் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

ஓட்டலில் நோய் பரவிவிட்டது. துணி வெளுக்கும் பகுதியில் எல்லோருக்கும். ஷெர்னெட்டுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும், அதோடு சரி. இன்று எல்லோரும் கடைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. ஊசி செய்த வேலைக்கு மாலை எனக்கு.

டெல்ரோஸ் சந்தை நடுவில் நின்று என்னைக் கைகாட்டி முழங்கினாள். "பாத்தீங்களா! ஊசி போட்டுக் கெட்டுப்போன ரத்தத்துலயே எனிட்டோட கஷாயம் இப்படி வேலை செய்யுதுன்னா, ஊசியே படாத என் சுத்த ரத்தத்துல எப்படிச் செய்யும்!"

எதிரே தேவாலய முற்றத்தில் சுகாதார வேன் ஒலிபெருக்கியோடு நின்றது. நர்ஸ் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். நாய் மட்டும் போய் நிழலில் படுத்தது.

"உனக்குச் சர்க்கரை இருக்குல்ல டெல்ரோஸ். போட்டுத்தான் வையேன்" என்றேன். சத்தமாகச் சொல்ல வரவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ போட்டியா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. போட்டேன் என்று சொல்லியிருந்தால் அப்போதே தாரை இறக்கி வைத்துவிட்டு வேனுக்குப் போயிருப்பாள். எனக்குத் தெரியும்.

"எனக்கெதுக்குடி?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

யாரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்குள் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வியாபாரம் போய்விடும் என்றா பொய் சொன்னேன்? அப்படியிருந்தாலாவது வயிற்றுப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. ஊரையே கிண்டல் பண்ணின வாயை ஊர் திருப்பிக் கிண்டல் பண்ணுமே என்றுதான். இவ்வளவுதானா நான்? நாளை அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 26

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

டெல்ரோஸ் கடை திறக்கவில்லை. இருமல் என்று ஆள் அனுப்பினாள் — ஆஸ்பத்திரிக்கு இல்லை, எனக்கு. கஷாயம் வேண்டுமாம். வெறுங்கையோடு ஓடினேன். வேலிக்கு வெளியே நின்று அவள் புருஷன் ஆஸ்பர்னிடம், "கூட்டிட்டுப் போங்க, இப்பவே போங்க" என்று கத்தினேன். ஜன்னலில் அவள் முகம். "ஏண்டி கத்துற? பாட்டில் எங்கடி?" மூச்சு வாங்கியது. அப்போதும் சிரித்தாள்.

செப்டம்பர் 3

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. வெளியே கூடாரத்தில் நாற்காலியில் வைத்திருக்கிறார்களாம். ஆக்ஸிஜன் லாரி வந்துகொண்டிருக்கிறதாம். வந்துகொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 8

டெல்ரோஸ் போய்விட்டாள்.

செப்டம்பர் 17

செத்தவரைப் பாடி வழியனுப்பும் ஒன்பதாம் ராத்திரி விழிப்புக்குக் கூட்டம் கூடத் தடை. பாட்டு இல்லை, டோமினோ இல்லை. எத்தனை பேர் செத்ததற்கு அவள் மீன் பொரித்திருக்கிறாள், அவளுக்கு யாரும் பொரிக்கவில்லை. எனக்குப் போக வழியில்லாமல் போனது நல்லதாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. சீ.

அக்டோபர் 9, சனி

ஷெர்னெட் வந்தாள், கறுப்பு உடையில். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஒழுங்கா குடிக்கல போலிருக்கு ஆன்ட்டி. பாதியக் கீழ ஊத்தியிருப்பாங்க. அப்பாவுக்கு இனி நானே நின்னு குடிக்க வைக்கிறேன். குடுங்க."

பாட்டிலை அவளே எடுத்துவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அத வைடி. உன்னக் காப்பாத்தினது இது இல்ல. அந்த ஊசி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் போட்டுக்கிட்டேன். ஜூன்லயே. பஸ் கதவு இடிச்சதுன்னு உங்கம்மா தேய்ச்சுவிட்டாளே, அந்தக் கைதான்."

மிளகாய்க்காரி தராசைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் பாட்டிலை மெதுவாக, உடைந்துவிடக் கூடாது என்பது போல, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 16, சனி

கஷாயம் காய்ச்சவில்லை. கீரை மட்டும் விற்றேன்.

சுகாதார வேன் வந்தது. ஷெர்னெட் அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். எங்கள் ஊரில் ஜென்மப் பகையாளிகூட 'மார்னிங்' சொல்லாமல் ஒரு கடையைத் தாண்டமாட்டான். அவள் தாண்டினாள். ஆஸ்பர்ன் பழக்கத்தில் தொப்பியைத் தொடப் போனார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வரிசையில் நின்றார்கள். அவர் சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள். ஒலிபெருக்கி இல்லாமலே அவர்களுக்குப் பின்னால் மிளகாய்க்காரியும் போய் நின்றாள்.

ஆஸ்பர்னுக்கு ராத்திரி கை வலிக்கும். தேய்த்துவிட டெல்ரோஸ் இல்லை. புதிதாக ஒரு பே ரம் தைலப் பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். அவர்கள் திரும்பி வேறு வழியாகப் போய்விட்டார்கள். கடை கட்டும்போதும் அது தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது.