தவக்கால வெள்ளியில் டிம்சம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெக்கை. ஆபீஸில் இரண்டு கண்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டி நிற்கின்றன. நடுவில் ஐந்து பேருக்கு டேபிள் சொல்லும் வேலையும் என் தலையில்.

லெஸ்லி (இனி லெ., கை வலிக்கிறது) 14-ஆம் தேதி கப்பல் ஏறுகிறான். ஒன்பது மாத காண்டிராக்ட். அதற்குள் இரண்டு வீடும் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தால் உண்டு. இல்லையென்றால் டிசம்பர் வரை அப்பா சும்மா இருக்கமாட்டார். சாத்தான்குளம் பேங்க் மாப்பிள்ளையின் போட்டோ இப்போதே அவர் பைபிளுக்குள் இருக்கிறது.

லெ. அம்மா எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. அப்பா அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார். "பொண்ணப் பெத்தவன் மொதல்ல போயி நிக்கவா?" ஆகவே பொது இடம். பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாக வந்த சைனீஸ் ஹோட்டல். லெ. யோசனைதான். சிங்கப்பூரில் டிம்சம் தின்றானாம், ஆவியில் அவித்த கொழுக்கட்டை மாதிரி.

அம்மா: "தூத்துக்குடியில இருந்துக்கிட்டு மீன் திங்க சைனாக்காரன் கடைக்கா போவணும் ஏளா?"

மார்ச் 5, வியாழன்

சனிக்கிழமை லெ. மெடிக்கலுக்காகச் சென்னை போகிறான். நாளை விட்டால் நாள் இல்லை. நாளையோ தவக்கால வெள்ளி. கத்தோலிக்கர்களுக்குச் சுத்தபோசனம். கறி கூடாது, மீன் ஆகலாம். "எங்கம்மா அதுல ரொம்ப கண்டிப்பு. கடல் அயிட்டமா சொல்லிரு" என்கிறான்.

நாங்கள் புராட்டஸ்டன்ட். தவக்காலத்தை லெந்து என்போம், அதுவும் வேறு மாதிரி. அப்பா நாற்பது நாள் காபி விடுவார், எல்லோர் மேலும் எரிந்து விழுவார். சிக்கனுக்குத் தடை கிடையாது.

ஹோட்டலுக்கு மூன்று தடவை போன். மேனேஜர்: "றால், நண்டு, மீனு, அவ்வளவுதாங்க்கா. தைரியமா வாங்க."

நாளைக்கு:
பச்சைச் சேலைக்கு ஃபால்ஸ்.
லெ. அம்மாவை ஆன்ட்டி என்பதா, அத்தை என்பதா?
அப்பா மதம் பேசக்கூடாது. (சொல்லிவிட்டேன். "நான் என்ன பிரசங்கமா பண்ணப்போறேன்" என்றார். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். பயமாக இருக்கிறது.)

மார்ச் 6, வெள்ளி

நாசமாகப் போன நாள்.

ஏசி குளிர் தாங்கவில்லை. லெ. அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவித்த மீன் வந்ததும் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "ஐஸ்ல கிடந்தது. நாலு நாளாவது ஆயிருக்கும்." மூன்று போட் ஓடுகிற வீடு, சும்மா விடுவாரா. அப்பா குச்சியை எப்படிப் பிடிப்பது என்று லெ.க்குப் பாடம் நடத்தினார். லெ. பத்து வருஷமாகக் கப்பலில் இருப்பவன்.

பிறகு மூங்கில் கூடையில் இறால் டிம்சம். லெ. அம்மா ஒன்றை மிளகாய் சாஸில் முக்கித் தின்றார். இன்னொன்று எடுத்தார். "இது நல்லாருக்கே. வீட்டுல செய்யலாம் போலயே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மூன்றாவதும் எடுத்தார்.

அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? சர்வரைக் கூப்பிட்டு, உள்ளே என்ன என்று விசாரித்தார், பொது அறிவுக்காக. மணிப்பூர்ப் பையன், பாவம், பெருமையாகச் சொன்னான்: "மேல இறால் சார். கீழ சிக்கன், சாஃப்டுக்கு."

லெ. அம்மா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அப்பா தொண்டையைச் செருமினார். சாப்பாட்டில் பாவமில்லை என்று வசனம், அதிகாரம், எண் எல்லாம் சொல்லி முழுசாக ஒப்பித்தார். பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது.

"எங்க சாமியாரும் படிச்சிருக்காரு சார்" என்றார் லெ. அம்மா. எழுந்தார். லெ. பின்னாலேயே போனான். பேச வந்த விஷயத்தை யாருமே எடுக்கவில்லை.

மார்ச் 7, சனி

லெ. சென்னையிலிருந்து போன். "அம்மா பேசவே மாட்டேங்குதாவ."

"சிங்கப்பூர்ல தின்னியே, உள்ள என்னன்னு தெரியாதா ஒனக்கு?"

"நல்லாருந்துச்சு, தின்னேன். பிச்சுப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

போனை வைத்துவிட்டேன். மேனேஜர் மேல் கோபம், அப்பா மேல், லெ. மேல். அம்மா ரசம் வைத்ததற்கும் கத்தினேன்.

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். எனக்குத் தெரியும். முதல் கடியிலேயே சிக்கன் வாசனை. அப்போது லெ. அம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தார், சிரித்துக்கொண்டு. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று விழுங்கிவிட்டேன். மூன்றாவதை எடுத்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. அப்பா: "நான் சொன்ன வசனத்துல என்ன தப்பு?" வசனத்தில் தப்பே இல்லை அப்பா.

மார்ச் 9, திங்கள்

கண்டெய்னர் ஒன்று வெளியே வந்தது. ஆபீஸ் விட்டு நேராக லெ. வீடு. லெ. அம்மா வாசலில் நின்று ஐஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஐஸ்காரர் போகும்வரை நின்றேன்.

"அத்தை, அதுல சிக்கன் இருந்தது எனக்கு அப்பமே தெரியும். நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. சொல்லல."

சேலை முந்தியில் கையைத் துடைத்தார். "தெரியாமத் தின்னதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக்கூட கேக்க வேண்டாம்னு சாமியார் சொல்லிட்டாரு. ஒங்க அப்பா வாத்தியாரு, பேசத்தான் செய்வாரு. அதெல்லாம் நான் விட்டுட்டேன் ஏளா. ஆனா நீ அங்கனயே சொல்லியிருந்தா துப்பியிருப்பேன். ரெண்டு பேருமாச் சிரிச்சிருப்போம்."

உள்ளே போகத் திரும்பினார்.

"அவன் போயிட்டு வரட்டும். பெறகு பாப்போம்."

கல்யாணப் பேச்சு இனி டிசம்பரில்தான். இதைத் தடுக்கத்தானே அன்று சொல்லாமல் விழுங்கினேன்.