சக்கரத்தின் உள்விளிம்பு

செப்டம்பர் 24, செவ்வாய்

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், தாலாய். நம் குட்டிப்பெண் பெர்மெத் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மாவுக்கட்டுக் காலை எந்தப் பக்கம் வைத்தாலும் அவளுக்குச் சரிப்படவில்லை. உங்கள் கணவாய் முகாமில் போன் எடுக்காது. ஜூமா அண்ணன் டீசல் வண்டியோடு மேலே வரும்போது இந்த நோட்டைக் கொடுத்தனுப்புவேன். அதுவரை எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

காரின் முன்பக்க இடது டயர் இன்றைக்கும் காலையில் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். டயரில் ஓட்டை இல்லையாம். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். டயரும் அலாய் வீலும் சேரும் இடத்தில் சுற்றிலும் பொடிப்பொடியாக நுரை. "சக்கரத்து மேல இருந்த லாக்கர் பூச்சு உரிஞ்சுபோச்சும்மா. பனிக்கு ரோட்டுல கொட்டுற உப்பு அதுக்குள்ள பூந்து மாவு மாதிரி பொங்கி வச்சிருக்கு. டயர் எங்கே ஒட்டும்? நாலு சக்கரமும் இப்படித்தான்." கழற்றிச் சுத்தம் செய்ய மூன்று வாரம் ஆகுமாம். பனிக்கால டயர் மாற்ற ஊரே அங்கே நிற்கிறது.

வெளிப்பக்கமும் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிகிறது. இத்தனை நாள் அதை அழகு கெட்ட விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பிஷ்கெக் போய் இரண்டாவது கட்டு. டாக்டர் சொன்னார்: "ஒரு வாரம் விட்டாக்கூட கால் பழையபடி உள்ளே திரும்பிக்கும். வெள்ளின்னா வெள்ளி." போகும்போது ஒரு முறை, வரும்போது இரண்டு முறை காற்றடித்தோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

உங்கள் அண்ணன் வெள்ளி நிற ஸ்ப்ரே ஒன்று வாங்கி வந்து, நாலு சக்கரத்துக்கும் உரிந்ததன் மேலேயே அடித்துவிட்டார். அடுத்த மாதம் 19-ஆம் தேதி உங்கள் தம்பி பெலெக்குக்குப் பெண் பார்த்த வீட்டில் நிச்சயத் தோடு போடப் போகிறோமே, சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி பளிச்சென்று நிற்க வேண்டுமாம். தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு மாதிரிதான் இருந்தது.

புருல் அக்கா வாசலுக்கு வந்து தன் புருஷனின் வேலையைப் பார்த்தாள். "சொறி மேல பவுடர் போட்டிருக்கீங்க."

"நகத்துக்குச் சாயம் பூசுறவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் உங்கள் அண்ணன்.

"சாயம் தெரியுமே. பழசைச் சுரண்டாம மேல பூசினா ரெண்டே நாள்ல கடைக்குத் திரும்பி வந்து என் முடியைப் பிடிப்பாளுங்க."

அக்டோபர் 4, வெள்ளி

இன்றைக்குத் தப்பித்தோம்.

பிஷ்கெக் போகும் வழியில், பூம் பள்ளத்தாக்கின் அந்தக் குறுகலான வளைவில், காற்று மொத்தமாக இறங்கிவிட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. உங்கள் அண்ணன் எப்படியோ பாறை ஓரமாக நிறுத்திவிட்டார். மேலே பாறை, கீழே ஆறு, பக்கத்தில் லாரி லாரியாகப் போகிறது. நான் பெர்மெத்தைப் போர்த்திக்கொண்டு தடுப்புக் கல்லுக்குப் பின்னால் நின்றேன். ஸ்டெப்னி மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம். கழற்றிய சக்கரத்திலிருந்து புது வெள்ளிச் சாயம் ஏடு ஏடாகக் காற்றில் பறந்தது. அவர் அதைப் பார்த்தார். சக்கரத்தை டிக்கியில் போட்டு மூடினார்.

டாக்டர் கிளம்பாமல் காத்திருந்தார். மூன்றாவது கட்டு ஆயிற்று. ஆனால் காத்திருக்காமல் போயிருந்தால்? அந்த வளைவிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? யாரிடம் கேட்பேன் நான்? நீங்க மேல கணவாய் ரோட்டுல பனி தள்ளிக்கிட்டு இருக்கீங்க. எனக்கு லைசென்ஸ் இருந்து என்ன புண்ணியம், பள்ளத்தாக்குன்னா சாவியையே தொட மாட்டேன். கல்லூரியில் வேதியியல் படித்தவள். அலுமினியத்தில் உப்பு என்ன செய்யும் என்று இரண்டு பக்கம் எழுதுவேன். ஒரு போல்ட்டைக் கழற்றத் தெரியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

புருல் அக்கா சாப்பிட வந்தவள், பொரித்த போர்சோக் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "நாலு சக்கரத்தையும் நான் பண்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெலெக் கேட்டான்: "அண்ணி, எந்தக் கலர் பூசுவீங்க? பூவும் வரைவீங்களா?"

"உன் கல்யாணத்துக்கு உன் மூக்குல வரையுறேன், வா."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரரின் மகளுக்கு வரும் வாரம் கல்யாணம். அந்த வீட்டுப் பெண்கள் ஏழு பேருக்கும் நகம் போட்டுவிடுவதாகச் சொல்லி, சனிக்கிழமை முதல் ஆளாக நம் டயர்களைக் கழற்றித் தர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பதினொன்றாம் தேதி பம்பை வைத்துச் சமாளிக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை அவளுக்கு ஆறு நாள்.

அக்டோபர் 11, வெள்ளி

நான்காவது கட்டு. ஐந்து முறை காற்றடித்தோம். பாதம் நேராகி வருவது எனக்கே தெரிகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

வேலை நடப்பது ஆட்டுக் கொட்டகையில். மருந்து நெடி குழந்தைக்கு ஆகாது என்று என்னை உள்ளே விடவில்லை. அத்தை பெர்மெத்தை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று பார்த்தேன்.

கெட்டியான ரிமூவரைத் தூரிகையால் அப்பி, மேலே பாலிதீன் சுற்றி வைக்கிறாள், பழைய நகச்சாயம் எடுக்கப் பெண்களின் விரலில் தாள் சுற்றுவாளே, அதே மாதிரி. அரை மணி கழித்துப் பிரித்தால் லாக்கர் பாலாடை போலச் சுருங்கி வருகிறது. வழித்து எறிகிறாள். மூலைமுடுக்கில் நகம் ராவுகிற அந்தக் குட்டி மெஷின். அடியில் வெள்ளை மாவு. அதுதான் நான் படித்த உப்பரிப்பு. புத்தகத்தில் அது ஒரு வரிச் சமன்பாடு. இங்கே அவள் முழங்கை வரை அப்பியிருந்தது.

பிறகு உப்புத்தாள், முரட்டுத்தாளில் தொடங்கி நைசுத்தாள் வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டு. டயர் உட்காரும் உள்விளிம்பை மட்டும் ஒரு சக்கரத்துக்கு இரண்டு மணி நேரம் தேய்த்தாள். என்னைக் கூப்பிட்டு, கையுறையைக் கழற்றச் சொன்னாள். "கண்ணை மூடிக்கிட்டுத் தடவு. லாக்கர் எங்க முடிஞ்சு இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுதா?"

"இரும்பு இல்லக்கா, அலுமினியம்."

"சரிங்க பட்டதாரி. தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுது."

"அப்போ இன்னும் தேய்க்கணும்." மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் அண்ணன் வந்து கத்தினார். "அது டயருக்குள்ள போற இடம், எவன் பாக்கப் போறான்? முகப்பை முதல்ல பண்ணு!" அவள் நிமிரவே இல்லை. "காத்துக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இல்லை, பொறாமை இல்லை. வேறு என்னவோ.

அக்டோபர் 14, திங்கள்

அக்காவின் பத்து நகமும் தேய்ந்து போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த விரல்களைத்தான்.

அக்டோபர் 16, புதன்

சிரிப்பதா அழுவதா.

உள்விளிம்புகள் திங்களன்றே முடிந்துவிட்டன, மெல்லிசாக ஒரே ஒரு பூச்சுப் பிரைமர். நேற்று முகப்புக்கெல்லாம் வெள்ளி நிறம். இன்று கடைசியாக லாக்கர். குளிரில் லாக்கர் பால் மாதிரி வெளுத்துவிடும் என்று டப்பாக்களை வெந்நீரில் வைத்து, கொட்டகையில் அடுப்பு மூட்டி, தூசி பறக்காமல் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஆடுகளைக்கூட வெளியே கட்டி... மதியம் நாலு சக்கரமும் கண்ணாடி. உங்கள் அண்ணன்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார். அக்கா கை கழுவ உள்ளே போனாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அத்தை ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்திக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்கள். கண்ணேறு படாமல் இருக்கவாம். பள்ளத்தாக்கில் நடந்ததிலிருந்து அவர்களுக்கும் பயம். ஒவ்வொரு சக்கரத்தையும் மூன்று சுற்றுச் சுற்றி, "ஆலாஸ், ஆலாஸ்" என்று புகை காட்டி, கடைசியில் வாயால் ஊதியும் விட்டிருக்கிறார்கள். ஈர லாக்கரில் சாம்பல் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டது. நாலிலும்.

அத்தை முகம் வெளுத்துப்போனது. அக்கா வந்து பார்த்தாள். ஒரு பொட்டைச் சுண்டுவிரலால் தொட்டாள்.

"அத்தை, இனிமே எவன் கண்ணும் படாது. பாத்தவுடனே மூஞ்சியைத் திருப்பிக்குவான்."

அத்தை அழுதுகொண்டே சிரித்தார்கள்.

உங்கள் அண்ணன் விடவில்லை. "மறுபடி தேய்ச்சு அடி. சனிக்கிழமை காலைக்குள்ள காஞ்சிடும்."

"டயர் நாளைக்கு மாட்டணும். வெள்ளிக்கிழமை குழந்தை போகணும்" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு வெள்ளி. அடுத்த வாரம் போனா ஆகாதா? அங்க ஊரே நின்னு பாக்கும். நம்ம மானம்..."

இந்த வீட்டில் நான் சின்ன மருமகள், அவர் உங்கள் அண்ணன். அக்காதான் பேசினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. "மானம் போனா நான் தேய்ச்சு வேற அடிச்சுத் தரேன். கால் திரும்பிக்கிட்டா யாரு தேய்க்கிறது?"

அவர் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

உங்கள் அண்ணன் நாளைக்குச் சீராகக் கொண்டுபோக ஆடு பிடிக்கப் போகிறேன் என்று விடியுமுன் கிளம்பிவிட்டார். கோபமா, உண்மையிலேயே ஆடா, தெரியவில்லை. சாவி மட்டும் மேசைமேல் இருந்தது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

நான்தான் ஓட்டினேன், தாலாய்.

அக்கா பின்னால் பெர்மெத்தோடு. முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தி இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன். "இப்படியே போனா குழந்தை நடந்தே போய்ச் சேர்ந்துடும்" என்றாள். பள்ளத்தாக்கில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவளுக்கும் பயம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் நிறுத்தி இறங்கவே இல்லை, ஏனென்று தெரியவில்லை.

ஐந்தாவது கட்டு. இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நாளை மறுநாள் எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

போக வர ஆறரை மணி நேரம். ஒரு முறைகூடக் காற்றடிக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

பெலெக்குக்குப் பார்த்த பெண்ணுக்கு அத்தை தோடு போட்டார்கள். நல்ல பெண். வெட்கப்படாமல் சாப்பிடுகிறாள்.

வாசலிலேயே பெண்ணின் மாமா, தொப்பையர், வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "சம்பந்தி, உங்க சக்கரத்துக்கு அம்மை போட்டிருக்கா? எந்தக் கடைன்னு சொல்லுங்க, நான் அந்தத் தெருவுக்கே போகாம இருப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அண்ணன் காது சிவந்துவிட்டது. இன்றைக்கு அக்காவுக்கு வசவுதான் என்று நினைத்தேன்.

"கடை இல்லை. என் பெண்டாட்டி பண்ணினது" என்றார் உங்கள் அண்ணன். "நேத்துக் குழந்தையோட பிஷ்கெக் போய்ட்டு வந்துது. ஒரு தடவைகூடக் காத்தடிக்கலை. உங்க வண்டி போய்ட்டு வருமா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் அதே தொப்பையர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வண்டியின் பின்சக்கரம் தினம் இறங்குகிறது என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "புகை போடாம பண்ணித் தரேன்" என்றாளாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜூமா அண்ணன் நாளை விடியற்காலை கிளம்புகிறார். அதனால் தள்ளிப்போட்டதை இன்று எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த வெள்ளி, 25-ஆம் தேதி, பெர்மெத்தின் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை டாக்டர் சின்னதாக வெட்டிவிடப் போகிறார். இந்த மாதிரிக் கால்களுக்கு வழக்கமாகச் செய்வதுதானாம், சில நிமிஷ வேலை. அதற்குப் பிறகு கடைசிக் கட்டு மூன்று வாரம் இருக்கும், அப்புறம் இரவுக்குத் தனிச் செருப்பு. "அப்பாவும் கூட இருந்தா உங்களுக்குத் தைரியம்" என்றார். சட்டென்று அழுதுவிட்டேன். அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டே டாக்டரிடம், "எவ்வளவு வெட்டுவீங்க, எப்ப ஒட்டும், கட்டு நனைஞ்சா என்ன பண்றது" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதில்களை நான்தான் எழுதிக்கொண்டேன், அடுத்த பக்கத்தில் இருக்கிறது, படியுங்கள்.

நீங்கள் வந்தால் முன் இருக்கை உங்களுக்கு. முகாமில் விடவில்லை என்றால் மனம் கெட வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நாங்கள் கிளம்பிவிடுவோம், நான் ஓட்டுவேன்.

வர முடியுமா, முடியாதா, ஒரு வரி போதும். ஜூமா அண்ணன் புதன்கிழமை இறங்குகிறார், அவரிடமே கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.