நாற்பத்தோரு வினாடி

ஜனவரி 9, வியாழன்

88 மைல். பதினோரு சவாரி. வருமான வரியில் கழிக்க மைல் எழுதி வைக்க வாங்கிய நோட்டு இது. புரட்டிப் பார்த்தால் மைலைவிடப் புலம்பல்தான் அதிகம்.

காலையில் வாசல் பனியை வாரி வாரி இடுப்பு விட்டுப்போயிற்று. மார்லிஸ் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஜிம்முக்குப் போகணும்னு சொல்லிட்டே இருந்தியே டேல், இந்தா வாசலுக்கே வந்திருச்சு" என்றாள். இப்படிப் பெண்டாட்டி அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வெர்லீன் ஓட்டிஸ் அம்மாள் இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக என் வண்டியில் ஏறினார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரர், அறுபத்தோரு வயது. "ஆக்ரன்ல வேற டிரைவரே இல்லையா கண்ணு, எப்பப் பாரு உன் மூஞ்சியே வருது?" என்றார். அவரிடம் பேசிக்கொண்டு போனால் குளிர் தெரிவதில்லை.

வழக்கம்போல் பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே டாக்ஸி ஆப்பில் சவாரி முடிந்தது என்று தட்டிவிட்டேன். ஆளை இறக்குவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். நாலு காசு பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி. விமான நிலைய வரிசையில் எந்த டிரைவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

ஜனவரி 14, செவ்வாய்

வண்டி இடித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. வெர்லீன் அம்மாளை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

ஜனவரி 15

பள்ளியின் பின்வாசலுக்கு இடப்பக்கம், எதிர்வரிசையைக் குறுக்கே கடந்து திரும்புகிற இடம். எதிரே பிக்கப் வண்டி. இடித்ததும் என் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி நடைபாதைமேல் ஏறி நின்றது. அந்த அம்மாளுக்கு இடது தோளும் மணிக்கட்டும் உடைந்துவிட்டன.

போலீஸ்காரரிடம், திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தேன், அவன் பனியில் வழுக்கி என் பக்கம் வந்து இடித்தான் என்றேன். பிக்கப்பை ஓட்டிவந்த டிராவிஸ் என்பவன் முகம் வெளுத்து நின்றான். "வழுக்கினேனா இல்லையான்னே தெரியல சார்" என்றான். அபராதச் சீட்டு அவனுக்குத்தான் போயிற்று.

அப்படித்தான் நடந்தது. அப்படித்தானே?

ஜனவரி 17

ஆப் கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர் போன் செய்தார். பேசுவதெல்லாம் பதிவாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ரொம்ப மரியாதையான குரல்.

"சவாரி ஆறு பதினொண்ணு இருபத்தெட்டுக்கு முடிஞ்சதா இருக்கு சார். இடிச்சது ஆறு பன்னெண்டு ஒன்பதுக்கு. இடிக்கும்போது வண்டி நின்னுட்டுதான இருந்துச்சு?"

"ஆமா."

"பயணி இறங்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமா."

ரொம்ப நன்றி சார் என்றார். சந்தோஷமாகவே சொன்னார். எதற்கு அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 18

வண்டி பட்டறையில். மைல் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மனசு கேட்காமல் வெர்லீன் அம்மாளைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு டப்பா சூப். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவரே வந்து கதவைத் திறந்தார்.

அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. குனிந்து பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாராம், அப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரியில்தானாம்.

"எங்க வக்கீலம்மா உன்மேலயும் கேஸ் போடணும்னு சொன்னாங்க கண்ணு. நான் ஒத்துக்கல. நின்னுட்டிருந்த வண்டிய அவன் வந்து இடிச்சான், இவன் என்ன பண்ணுவான்னு கேட்டேன். நீயே சொன்னியே, நின்னுட்டிருந்தேன்னு."

சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். வலது கையால் சாப்பிடத் தெரியாமல் மேலெல்லாம் சிந்திக்கொண்டார். இடது கைக்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிப்ரவரி 11

அவருடைய வக்கீல் அமாட்டோ என்னைக் கூப்பிட்டுப் பேசினார். சாட்சி சொல்ல வர வேண்டுமாம். விஷயத்தை விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆளை ஏற்றிப் போகும்போது விபத்து என்றால், தப்பு யார்மேல் இருந்தாலும் ஆப் கம்பெனியின் பெரிய இன்சூரன்ஸ் பொறுப்பு. சவாரி முடிந்து அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் என்றால் அது கிடையாது. ஆப்பில் சவாரி முடிந்துவிட்டது, அந்த அம்மாளும் இறங்கிக்கொண்டிருந்தார் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதனால் அவர் பயணியே இல்லை என்கிறது கம்பெனி. டிராவிஸிடம் இருப்பது சட்டத்துக்காக எடுத்த சின்ன இன்சூரன்ஸ். முதல் ஆபரேஷனுக்கே சரியாகப் போய்விட்டது. வெர்லீன் அம்மாளுக்குப் பகுதிநேர வேலை, அவருக்கென்று மருத்துவ இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. இரண்டாவது ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் மூடாது.

"நாற்பத்தோரு வினாடி சார். அதுல தொங்கிட்டு இருக்கு அவங்க கை" என்றார் அமாட்டோ.

பிப்ரவரி 23

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

வண்டி நிற்கவில்லை. சவாரியை முன் தெருவிலேயே முடித்துவிட்டேன். திரும்பும் இடத்தில் போன் சிணுங்கியது. விமான நிலையத்துக்கு ஒரு அழைப்பு, நல்ல சவாரி. விட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். போனைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒடித்தேன். ரோட்டைப் பார்க்கவே இல்லை. எதிரே வருகிறவனுக்கு வழிவிட வேண்டியவன் நான்தான். அவன் வழுக்கவில்லை. ஒழுங்காகத்தான் வந்தான். நான்தான்யா குறுக்கே போயி விழுந்தேன்.

அந்தம்மா இறங்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. பின்னாடி உட்கார்ந்து சாவி தேடிட்டு இருந்திச்சு. பயந்துட்டேன். பயத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லி, எனக்கே அதுதான் நெசம்னு ஆகிப்போச்சு.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது ஆப் கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்? வேகம், இடம் எல்லாம் பதிவாகியிருக்கும். அவர்களுக்குச் சாதகமான பொய்யை அவர்கள் ஏன் கிளறப்போகிறார்கள்.

மார்ச் 6

மார்லிஸிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஆப்ல முடிஞ்சுதான இருக்கு. நீ என்ன பொய்யா சொன்னே?"

"வண்டி நின்னுச்சுன்னு சொன்னேன்ல."

"யாரு பார்த்தா? வாய மூடிட்டு இரு. ஆப்காரன் தூக்கிட்டான்னா எங்க போவே? இந்த வயசுல யார் வேலை வெச்சிருக்கான் உனக்கு?"

"அந்தம்மா கை மார்லிஸ்."

"அந்தம்மா கையி. என் கை, உன் கையி? இதெல்லாம் கைன்னு தெரியலயா உனக்கு?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை.

மார்ச் 18

நாளைக்குச் சாட்சி. நின்றது என்று சொல்லப்போகிறேனா, ஓடியது என்று சொல்லப்போகிறேனா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

அமாட்டோவின் ஆபீஸ். கோர்ட்டுக்குப் போகும் முன் வாக்குமூலத்தை இங்கேயே எடுத்துவிடுவார்களாம். நீள மேஜை, தட்டெழுத ஒரு பெண், கம்பெனி தரப்பில் இரண்டு வக்கீல்கள். வெர்லீன் அம்மாளும் வந்திருந்தார், கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், நான் உட்காரட்டும் என்று. நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சத்தியம் செய்தேன். அமாட்டோ பெயர், வயது, எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன் என்பதெல்லாம் கேட்டார். பிறகு, "மோதும்போது உங்க வண்டி நின்னுட்டு இருந்துச்சா?"

"இல்ல."

கம்பெனி வக்கீல் பேனாவை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. முன் தெருவில் முடித்தது, போன், விமான நிலையச் சவாரி, பின்சீட்டில் அந்த அம்மாள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. போன் பேச்சில் சொன்ன இரண்டு ஆமாவும் பொய் என்றேன். டிராவிஸ் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். தண்ணீர் கேட்டேன்.

வெர்லீன் அம்மாள் பேசக்கூடாது, ஆனாலும் கேட்டார். "அப்போ நீ ரோட்டையே பார்க்கலையா?"

"இல்லம்மா."

"ரெண்டு மாசமா உனக்காக இவங்ககிட்ட சண்ட போட்டுட்டு இருந்தேனே."

அமாட்டோ அவர் முழங்கையைத் தொட்டார். வெர்லீன் அம்மாள் நான் கிளம்பும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24

ஆப்பைத் திறந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்று வருகிறது. நாலு வருஷம், ஐயாயிரம் சவாரிக்கு மேல். அந்த ஒரு வரியோடு சரி.

ஏப்ரல் 8

என் சொந்த வண்டி இன்சூரன்ஸும் ரத்து. வாடகைக்கு ஓட்டுவதை அவர்களிடம் மறைத்தேனாம். மறைத்தேன்தான். மார்லிஸ் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். சும்மா ரெண்டு நாள் என்றாள், ஆனால் குளிர்காலக் கோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மே 29

அமாட்டோவின் ஆபீஸிலிருந்து கடிதம். பெரிய இன்சூரன்ஸ் பொறுப்பேற்றுக்கொண்டது, வழக்கு முடிந்தது. ஆபரேஷன் எப்போது என்று கேட்க போன் செய்தேன். அதையெல்லாம் சொல்ல முடியாது என்றாள் அங்கே இருந்த பெண். நியாயம்தான்.

ஜூன் 16

கிடங்கில் வேலை. பெட்டி அடுக்குவது. பஸ்ஸில் போய் வருகிறேன். மார்லிஸ் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று காலை பஸ்ஸில் வெர்லீன் அம்மாள் ஏறினார். பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது, வேலைக்குப் போகிறார் போல. இடது கையில் பை. விரல்கள் மூடிப் பையைப் பிடித்திருந்தன.

பஸ்ஸில் கூட்டம். என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "உட்காருங்கம்மா" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பின்னால் போய், வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடம் வரைக்கும் பதினாறு நிறுத்தம். நானும் உட்காரவில்லை. அந்தச் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றதால் என்னுடைய இடம் என்று நினைத்து யாரும் உட்காரவில்லை.