இரண்டாவது முறை கேட்பது

பிப்ரவரி 3
பல் செட் செய்கிறவர்களுக்கான எங்கள் சங்கத்தின் தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாகிறது; அதற்கு ஆள் பார்த்துச் சொல்லவேண்டிய மூவரில் நானும் ஒருத்தி. "இருபது வருஷமா பல் செட் செய்றீங்க, எந்த வாய்க்கு எது பொருந்தும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் தலைவர். சிரித்து வைத்தேன். கணவரிடம் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

பிப்ரவரி 9
முதல் கூட்டம். சங்க அறையில் ஒரு மின்விசிறி சுற்றுகிறது, இன்னொன்று சுற்றுவதுபோல் நடிக்கிறது.

குழுவில் மூத்தவர், பீங்கான் பல் செய்பவர், நாங்கள் 'கைக்குட்டை' என்று பட்டப்பெயர் வைத்தவளின் பெயரைச் சொன்னார். தலைவர், இதே தொழிலில் இருக்கும் என் கொழுந்தனார் பெயரைச் சொன்னார். கடைசியில் முடிவானது இது: முதலில் கைக்குட்டையைக் கேட்பது, அவள் மறுத்தால் கொழுந்தனார். கேட்கும் வேலை என்னுடையது.

கைக்குட்டை என் பழைய பக்கத்து மேஜைக்காரி. பதினோரு வருஷம் ஒரே லேபில் முழங்கை இடித்துக்கொண்டு வேலை பார்த்தோம். பல்லை ராவும்போது பறக்கும் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று முதன்முதலில் மூக்கில் கைக்குட்டை கட்டியவள். அந்தப் பெயரை வைத்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. ஒவ்வொரு மேஜையிலும் தூசி உறிஞ்சும் மெஷின் இருக்கவேண்டும் என்பதைச் சங்க விதியாக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் அந்த நாற்காலி வேண்டும் அவளுக்கு.

பிப்ரவரி 10
எங்கள் சங்கத்தில் யாரும் கேட்டவுடன் சரி என்று சொல்வதில்லை. சொன்னால் பதவிக்கு அலைகிறவர் என்று பெயராகிவிடும். முதல் தடவை "எனக்கு எதுக்குங்க", இரண்டாவது தடவை "யோசிக்கிறேன்", அப்புறம்தான் சம்மதம். தலைவரே அப்படி வந்தவர்தான். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் கைக்குட்டையைப் போனில் கூப்பிட்டேன். சிரித்தாள், கொஞ்சம் இருமினாள். "எனக்கெதுக்குடி இதெல்லாம், வேற யாரையாவது பாருங்க" என்றாள்.

சரி என்று போனை வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் எழுதினேன்: கேட்கப்பட்டது. மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 11
ஏன் வைத்தேன்?

"நம்ம வீட்டுல ஒருத்தன் இருந்தா நல்லதுதானே" என்று கணவர் சொன்னதாலா? அவர் தலையில் போட்டுவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் அது இல்லை. அவள் மேடையில் உட்கார, நான் கீழே இருந்து பார்ப்பதா — இதுதான் போனைப் பிடித்திருந்தபோது மனசில் ஓடியது. ஒரே மேஜையில் இருந்தவர்கள்தானே, அவளுக்கு மட்டும் என்ன? பொறாமைடி உனக்கு. வெறும் பொறாமை.

பிப்ரவரி 14
கொழுந்தனாரிடம் மூன்று முறை கேட்டேன். இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவில் டீ போட்டுக் கொடுத்தேன். "அண்ணி சொன்னா தட்ட முடியுமா" என்றார்.

பிப்ரவரி 22
பல் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் வாங்கப் போன கடையில் கைக்குட்டை நின்றுகொண்டிருந்தாள். காலை பதினோரு மணி. ஊர்க்கதை பேசினோம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்: "ரெண்டு நாளு போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூட மககிட்ட குடுத்துட்டுப் போனேன். நீ திரும்பக் கூப்பிடுவன்னு."

"அய்யோ, பெயர்ப் பட்டியலை மூடிட்டாங்களே" என்றேன்.

"பரவால்ல விடு" என்றாள்.

பட்டியல் மூடுவது இன்று மாலை ஐந்து மணிக்கு. ஆறு மணி நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலரைக்குக்கூட ஒரு போன் போதும்.

மார்ச் 15
பொதுக்கூட்டம். கொழுந்தனார் பெயரைப் படித்துவிட்டு, வேறு பெயர் யாராவது முன்மொழிகிறீர்களா என்று தலைவர் சபையைக் கேட்டார். மூன்று முறை கேட்கவேண்டும் என்பது விதி. மூன்று முறையும் கேட்டார். எழுந்து ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் எழவில்லை. அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாவம், அந்தம்மா வரமாட்டேன்னுட்டாங்களாமே" என்று மூத்தவர் என் காதில் சொன்னார். தலையாட்டினேன்.

மார்ச் 16
முதலில் கை தட்டியதும் நான்தான். நேற்று அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

ஏப்ரல் 6
தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் சொன்னேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "உங்களை விட்டா யாரு" என்றார். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2
நிர்வாகக் குழுவுக்கு அவள் எழுதி அனுப்பியிருந்த மெஷின் விஷயம் கூட்டத்தில் ஏழாவதாக வந்ததாம். ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை, தள்ளிவைத்துவிட்டார்கள். கொழுந்தனாரிடம் கேட்டேன். "தூசி என்ன அண்ணி, எப்பவும் இருக்கறதுதானே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

ஆகஸ்ட் 5
அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதினோரு மணிப் பொய்யையும் சேர்த்து. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். உனக்கு ஒண்ணு வேணும்னா எப்படிக் கேப்பன்னு எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். திட்டவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஜனவரி 29
இன்னொரு இடம் காலியாகிறது. அவள் பெயரை இந்தமுறை நானே முதலில் சொன்னேன். குழுவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வெளியே படியிலேயே உட்கார்ந்து கூப்பிட்டேன்.

வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது பதில் வருவதற்குள் இருமல் வந்துவிட்டது. நின்றது என்று நினைத்தால் மறுபடி வந்தது. காத்திருந்தேன்.

"இல்லடி. நெஞ்சுல தூசி நல்லா எறங்கிடுச்சாம். லேப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வாரம் மேஜையைக் காலி பண்ணிட்டேன். வேற யாரையாவது பாருங்க."

போன வருஷம் சொன்ன அதே வார்த்தை.

உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதினேன்: மூன்று முறை கேட்கப்பட்டது. மறுத்துவிட்டார்.