நீலமாக எரிந்த பர்னர்

அன்புள்ள என்னங்க,

திண்டிவனத்தில் நீங்களும் பாப்பாவும் நலமா? உங்கள் முதுகுவலி குறைந்ததா? புனேவில் நான் நன்றாக இருக்கிறேன்.

பட்டறை உலைக்கு நானே செய்த கேஸ் பர்னரில் தீ மஞ்சளாகப் புகைந்துகொண்டே இருந்தது. காற்றுத் துளையை அகலமாகத் திறந்தேன். தீ பின்னால் பாய்ந்து இடது புருவத்தைக் கருக்கிவிட்டது. வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள். அதனால்தான் வீடியோ காலில் வராமல் எழுதுகிறேன்.

நேற்று கேஸ் வரும் துளையைச் சிறிதாக்கி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். கூட வேலைபார்க்கும் மேல்மலையனூர் சித்ரா, "இசை, பாருடி! நீலமா எரிஞ்சிக்கினு இருக்குது!" என்று கத்தினாள். பத்தே நிமிடத்தில் இரும்பு பழுத்தது. முதலாளியம்மா உலைப் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வறுத்த மல்லாட்டை அனுப்புங்கள், இங்கே விற்கும் வேர்க்கடலையில் நம் ஊர் ருசி இல்லை. உலைக்கருகில் நைலான் துணி ஆகாது, உங்கள் பழைய பருத்திச் சட்டை இரண்டும் வையுங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் சரிதான்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
இசைவாணி