அழிக்கப்பட்ட ஸ்பூல் எண் 212

பிப்ரவரி 6

நேரடி ஒலிபரப்பில் ஒரே ஒரு தரம் விக்கியதற்கு ஆயுள் முழுக்க எனக்கு விக்கல் என்று பெயர் வைத்த கத்திரிக்கு,

காது எப்படி இருக்கிறது? உன்னோடு போனில் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், அதனால் பேனாவை எடுத்தேன். மகளைப் படித்துக் காட்டச் சொல்லாதே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி.

சிரிக்காதே. அறுபத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவி ஆகிவிட்டேன். வானொலி விளம்பரங்களின் வரலாறு, அதுவும் நாம் வேலை பார்த்த நிலையத்தை வைத்தே. வழிகாட்டும் பேராசிரியைக்கு என் மகள் வயது. பழைய கதையை நான் ஆரம்பித்தாலே, "அதெல்லாம் சரிம்மா, ஆதாரம் எங்க?" என்கிறாள். நான் அங்கே அறிவிப்பாளராக இருந்தேன் என்பதற்கே ஆதாரம் கேட்பாள் போலிருக்கிறது.

ஒலிநாடா, விளம்பர வாசகம், அன்றாட ஒலிபரப்புப் பட்டியல், நேயர் கடிதம், எதுவானாலும் அந்தக் காலத்து அசலாக இருக்க வேண்டுமாம். நாடா நூலகத்தை இருபது வருஷம் கட்டி ஆண்டவள் நீ. எது எங்கே கிடைக்கும்?

உன் விக்கல்

பிப்ரவரி 17

அன்பு விக்கலுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி வியாதி போய்விட்டது. மகள் வீட்டில் எல்லோரும் என்னிடம் சைகையில்தான் பேசுகிறார்கள். இருபது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாடாவை வெட்டி ஒட்டியதற்குக் கிடைத்த பரிசு.

நாடாவை மறந்துவிடு. அப்போது புது நாடாவுக்கு இருந்த பஞ்சம் உனக்குத் தெரியாததா? விளம்பரம் ஓடி முடிந்தால் நாடா சுற்றிய ஸ்பூலைக் காந்தப்பெட்டியில் வைத்து அழித்து, அதிலேயே அடுத்ததைப் பதிவோம். பழைய செய்தித்தாள்களில் அன்றன்றைய நிகழ்ச்சி நிரல் இருக்கும், அதிலிருந்து தொடங்கு. விளம்பர வாசகத்தை மூன்று பிரதியாக வாங்கி, அனுமதி முத்திரை குத்தி ஒன்றைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்புவோம். சோப்புக் கம்பெனிக்காரர்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள், அங்கே போய்க் கேள்.

நிலையத்தின் கீழ்த்தளத்துக் கிடங்குக்கு மட்டும் போகாதே. தண்ணீர் புகுந்து பதிவேடெல்லாம் கூழாகிவிட்டது. அந்தத் தூசி உன் மூச்சிரைப்புக்கும் ஆகாது.

நீ மைக்கை விட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தேர்வுக்குழு விளங்குமா? நிரந்தர வேலையை உனக்குத் தராமல் யாருக்குத் தந்தார்கள்!

உன் கத்திரி

மார்ச் 20

கத்திரி,

சோப்புக் கம்பெனியில் பதினெட்டு வாசகங்கள் கிடைத்தன, எல்லாவற்றிலும் நம் முத்திரை. பேராசிரியை துள்ளிக் குதித்தாள்.

அவள்தான் கிடங்குக்கும் என்னை இழுத்துப் போனாள். தண்ணீர் புகுந்த சுவடே இல்லை. இரும்பு அலமாரியில் பதிவேடுகள் வருஷவாரியாக இருக்கின்றன, அட்டையில் உன் கையால் எழுதிய எண்களோடு. ஸ்பூல் அழிப்புப் பதிவேட்டில் என் விளம்பரம் ஏதாவது தட்டுப்படுமா என்று ஆசையாகப் புரட்டினேன். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "ஜூன் 11. ஸ்பூல் 212. அறிவிப்பாளர் தேர்வுக்கான குரல் பதிவு. பல்பொடி விளம்பரத்துக்காக அழிக்கப்பட்டது." கீழே உன் கையெழுத்து.

அந்த வருஷம் நம் நிலையத்திலிருந்து விண்ணப்பித்தவள் நான் ஒருத்திதான். நாடாவைப் பார்சல் கட்டித் தலைமை நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பு உன்னுடையது. கடைசி நாள் ஜூன் 18. ஜூலையில் கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தி, "குரல்ல உயிரே இல்லைன்னுட்டாங்களாம்டி" என்றாய். என்னைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தாய். இல்லாத நாடாவைக் கேட்டு அப்படிச் சொன்னது யார்?

இதற்கு மட்டும் பதில் எழுது.

விக்கல்

ஏப்ரல் 2

என் விக்கலுக்கு,

உன் கடிதம் ஒரு வாரம் தலையணைக்கு அடியில் கிடந்தது. "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று மகள் எழுதிக் காட்டினாள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று காலையிலேயே பல்பொடிக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மணிக்கு விளம்பரம் போக வேண்டும், வெற்று ஸ்பூல் ஒன்றுகூட இல்லை. மேசையில் இருந்ததை ஓடி முடிந்த விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிறகுதான் பார்த்தேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

சொல்லத்தான் ஸ்டுடியோ வரைக்கும் வந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, நீ உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன். எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது, அந்த மாதம்தான் நூலகர் பதவி உயர்வு வரவேண்டியது. பதிவேட்டில் பொய் எழுதினால் ஸ்பூல் கணக்கெடுக்கும்போது அதிகாரியிடம் மாட்டிக்கொள்வேன்; மற்றபடி அதை யாரும் புரட்டுவதில்லை. அதனால் அங்கே உண்மையை எழுதிவிட்டு உன்னிடம் பொய் சொன்னேன். உயிரே இல்லை என்றது வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அடுத்த வருஷம் நீ மறுபடி விண்ணப்பிப்பாய் என்று நினைத்தேன்.

என்னை ஒதுக்கிவிடாதே. உன்னைத் தவிர எனக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்? அந்தப் பக்கத்தை மட்டும் ஆராய்ச்சியில் சேர்க்காமல் விடு. மருமகன் படிப்பார், பேத்தி படிப்பாள்.

கத்திரி

ஏப்ரல் 9

கத்திரிக்கு,

ஸ்பூலை அழித்ததற்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் நானும் அழித்திருப்பேன். ஆனால் கடைசி நாளுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. "அடியே, அழிஞ்சுபோச்சு, வா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் கால் மணி நேரத்தில் திரும்ப வாசித்திருப்பேன். உன்னை நன்றாகத் திட்டிவிட்டு, உன்னோடேயே டீ குடிக்கவும் போயிருப்பேன்.

நீ சொன்னதை முப்பத்தோரு வருஷம் நம்பினேன். ஸ்டுடியோ முன்பதிவு மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கி, மற்றவர்கள் வாசிக்க நேரம் ஒதுக்கிக் கொடுத்தேன். பேரன் கதைப் புத்தகத்தோடு வந்தால், தாத்தாவிடம் போ என்பேன். எனக்கு என் குரலே பிடிக்காமல் போயிற்று. அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவள் நீ. அதைத்தான் தாங்க முடியவில்லை. பிப்ரவரியில்கூடத் தேர்வுக்குழுவைத் திட்டி எழுதியிருக்கிறாய். எப்படியடி கை வந்தது?

அந்தப் பக்கத்தை விட முடியாது. நாடாக்கள் ஏன் மிஞ்சவில்லை என்று நான் எழுதும் அத்தியாயத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அடிக்குறிப்பில் உன் பெயர் வரும். நன்றியுரையில் முதல் பெயராக எழுதி வைத்திருந்தேன், அதை அடித்துவிட்டேன்.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

முன்னாள் அறிவிப்பாளர்