பக்கத்து இருக்கையில் எழுபத்தாறு கிலோ

பல் செட் கூடம்,
ஜனவரி 12

அன்புள்ள சகலைக்கு,

இப்படி எழுதலாமா கூடாதா என்று யோசித்தே இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அக்காவை நான் கட்டினேன், தங்கையை நீ கட்டினாய், அதனால் நாம் சகலைகள் ஆனோம். இப்போது உங்கள் இருவருக்கும் கோர்ட்டு விடுதலை கொடுத்துவிட்டதே, நீ எனக்கு என்ன முறை? எனக்குத் தெரியவில்லை. பழகிய கை எழுதிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தோமே, அந்த இரண்டு இருக்கை கார் எழுந்து நின்றுவிட்டது. பாதியில் விட்டுவிடுவேன் என்றுதானே நினைத்தாய்? சக்கரம் மாட்டி, சிவப்பு பாடிக்கு மெருகும் போட்டாயிற்று. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயர் உள்ளே எங்கோ இடித்தது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பல் செட்டில் எந்தப் பல் உயரம் என்று பார்க்க நீலத்தாளைக் கடிக்கச் சொல்வோம் இல்லையா, அதையே டயரில் ஒட்டித் திருப்பினேன். இடித்த இடத்தில் அழகாக நீலப் பொட்டு! திருப்பம் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும்படி ஒரு வளையம் போட்டேன், தீர்ந்தது.

பின்னால்தான் வினை. என் வீட்டுக்காரி முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். தெருமுனை மேட்டில் ஏறியதும் இடது பின்சக்கரம் மட்கார்டில் உரசிக் கர்ரென்று கத்தியது. நான் மட்டும் ஓட்டும்போது ஒரு நாளும் கத்தியதில்லை. "நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததும் தப்பாகிவிட்டது.

மார்ச் மாதம் போக்குவரத்து அதிகாரி வண்டியைச் சோதிக்கிறார். இரண்டு பேர் பாரத்தோடு எங்கும் உரசக் கூடாது, டயர் பாடிக்கு வெளியே துருத்தவும் கூடாது. தோற்றால் ஐந்து வருட உழைப்பு கொட்டகையிலேயே கிடக்க வேண்டியதுதான். நிலம் அளக்கிறவன் நீ, இதையும் நீதான் அளந்தாய். ஒரு வழி சொல்லு.

பதிலைக் கூடத்துக்கே போடு. உன் பேச்சே வீட்டில் கூடாது என்கிறாள். தங்கை அழுததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள், அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

இப்படிக்கு,
பல்லுக்காரன்


ஜனவரி 19

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த நீலத்தாளை நினைத்து நினைத்து இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் கருவி வைத்திருப்பவனுக்கும் அது தோன்றாது. டயரைப் பல்லாகப் பார்க்க உங்களால்தான் முடியும்.

பின்சக்கரத்துக்கு ஒரு வேலை செய்யுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அதுவரை எதையும் வெட்டாதீர்கள்.

வண்டியில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம். அது உங்களுடையது. உங்களை எந்த முறை வைத்து அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அதனால்தான் மேலே அப்படி எழுதியிருக்கிறேன். அக்காவை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

தங்கள்,
நில அளவையன்


ஜனவரி 27

ஐயாவாம், ஐயா! என்னிடம் பல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள்கூட என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. என் கொட்டகையில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு அலைந்தவன் நீ. பங்கு வேண்டாமாம். இடது பக்கத்துப் போல்ட் அத்தனையும் உன் கை முறுக்கியது, அதையெல்லாம் கழற்றி உனக்குப் பார்சல் அனுப்பட்டுமா?

அளந்தேன். இடது பக்கம் நாலு மில்லிமீட்டர், வலது பக்கம் பதினாறு. மூன்று முறை அளந்தும் அதேதான். பாடியைப் பூட்டிய அன்று உன் நோட்டில் இரண்டு பக்கமும் பத்து என்று போட்டிருக்கிறாய். நூல் பொய் சொல்கிறதா, என் கண்ணா?

பல்லுக்காரன்


பிப்ரவரி 3

ஐயா,

நூலும் பொய் சொல்லவில்லை, உங்கள் கண்ணும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பாடியைத் தூக்கி வைத்த அன்று நீங்கள் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் அளந்துட்டியா?" என்று கேட்டீர்கள். "அளந்தாச்சு, முறுக்கிடலாம்" என்றேன். அளக்கவே இல்லை. பத்து, பத்து என்று எழுதி வைத்தேன். அன்று காலைதான் அவள் தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. சீக்கிரம் முறுக்கிவிட்டு எங்காவது போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. என் வாழ்க்கையில் நான் அளக்காமல் எழுதிய எண் அது ஒன்றுதான்.

பாடி ஆறு மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. துளைகள் போல்ட்டைவிடப் பெரியவை, நகர்த்த இடமுண்டு. எட்டுப் போல்ட்டையும் தளர்த்தி, இடது பக்கம் ஆறு மில்லிமீட்டர் தள்ளி முறுக்குங்கள். இரண்டு பக்கமும் பத்து வரும்.

அக்காவின் எடைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எப்படியாவது அவர் காதில் போட்டுவிடுங்கள், யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

உங்களிடம் பொய் சொன்னவன் நான். நீங்கள் இனி எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நில அளவையன்


பிப்ரவரி 24

ஐயா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபம் நியாயம்தான். சோதனை முடிந்ததும் என்னவாயிற்று என்று ஒரு வரி போட்டால் போதும்.


பல் செட் கூடம்,
மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

சகலை என்கிற சொல்லைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். தம்பி என்று கூப்பிட எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கோபமா? எட்டுப் போல்ட்டைக் கழற்றிப் பாரேன், கோபப்பட யாருக்கு நேரம் இருக்கிறது! தள்ளினேன். பத்து, பத்து. கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல், எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டே எண்ணை வைத்து நோயைப் பிடித்துவிட்டாயே, நீ மனிதனே இல்லையப்பா.

அந்தப் பொய்யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் முகம் சரியில்லை என்று பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. பாடியைப் பிடித்துக்கொண்டிருந்த கை வலித்தது, எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. நீ அளக்கவில்லை, நான் கேட்கவில்லை, சரியாகப் போய்விட்டது.

இனிமேல்தான் கதை. அதிகாரி கேட்கிற பாரத்துக்காக மணலைப் பைகளில் கட்டிப் பக்கத்து இருக்கையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் அக்கா துணி வாளியோடு வந்து நின்றாள்.

"எத்தன கிலோ?"

"அறுபது."

"பத்தாது. எழுபத்தாறு வைங்க."

"நீ அவ்வளவெல்லாம் இருக்க மாட்டியே" என்று சமாதானமாகச் சொன்னேன்.

"அந்த சீட்டுல உக்காரப்போறது நானா? நம்ம வீட்டு மெஷின்ல ஏறி நின்னு, எழுபத்தாறு காட்டுது, மெஷின் பொய் சொல்லுதுன்னு சண்ட போட்டானே. அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உன் பேச்சை இந்த வீட்டில் எடுத்தது அவள்தான், நான் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மணல் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

எழுபத்தாறு வைத்துப் பள்ளத்தில் இறக்கியதும் மட்கார்டு விளிம்பில் ஒரு பொட்டு நீலம் பட்டது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை முழு உயரத்துக்கும் தூக்கிப் பார்த்து, விளிம்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் இழைத்தேன். பல்லைத் தேய்க்கிற மாதிரி, ஒரு தேய்ப்பு, ஒரு பார்வை. வெளியே தெரியாது. உள்ளே வலுவுக்கு ஃபைபர் பூச்சு கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் சோதனை. அதிகாரி விரலை விட்டுத் துழாவினார், மேட்டில் ஏற்றினார், இறக்கினார். கடைசியில், "இதை யார் அளந்தது?" என்று கேட்டார். "என் தம்பி" என்றேன். முத்திரை குத்திவிட்டார்!

வண்டியில் இன்னும் ஊர்வலம் போகவில்லை. மணல் மூட்டையோடு போனால் பேச்சுத்துணைக்கு ஆகுமா? வந்து சேர்.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

நாலு முறை படித்தேன். எழுபத்தாறு என்ற இடம் வரும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. அக்கா முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவரோ என் எடையை நினைவில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வண்டியை நீங்கள் செய்த மாதிரி யாராலும் செய்ய முடியாது. நான் ஓர் எண்ணைச் சொன்னேன், அதற்கு உயிர் கொடுத்தது உங்கள் கைதான். அதை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வருகிறேன். ஆனால் ஒரு திருத்தம். இனி அளக்காமல் எதையும் சொல்வதில்லை என்று நேற்று மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். அறுபத்துநாலுதான் இருக்கிறேன். ஒருவனுக்காக அடுப்பு மூட்ட அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. நீங்கள் வைத்த அளவு பன்னிரண்டு கிலோ அதிகம். அதற்குத் தகுந்தபடி கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தை வீட்டுக்கே எடுத்துப்போய் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

"எதையும் மாத்த வேணாம். வண்டி எழுபத்தாறுக்கே இருக்கட்டும். சாப்பிடாம வரச் சொல்லுங்க."

அண்ணன்